கை ஆபரேஷனுக்கு எந்த ஹேண்ட் டேபிள் வாங்கலாம்?

ஆர்த்தோ டாக்டர், தாலுகா ஆஸ்பத்திரி:
மணிக்கட்டு முறிவுக்குப் பிளேட் வைப்பது, அறுந்த தசைநாண் தைப்பது எல்லாம் எங்கள் தியேட்டரிலேயே செய்கிறோம். கையை வைக்கச் சாதாரண ஆர்ம் போர்டுதான். அகலம் போதாமல் உதவியாளரின் முழங்கை அந்தரத்தில் நிற்கிறது. கை வைப்பதற்கென்றே உள்ள தனி ஹேண்ட் டேபிள் வாங்க அனுமதி கிடைத்திருக்கிறது. ஸ்டீலா, கார்பன் ஃபைபரா? கால் உள்ளதா, இல்லாததா? ஆபரேஷன் முடிவில் வித்தியாசம் தெரியுமா?

தியேட்டர் சிஸ்டர், கை அறுவைப் பிரிவு:
நல்லாவே தெரியும் டாக்டர். விரல் ரத்தக்குழாய் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து 10-0 என்ற மிக மெல்லிய நைலான் நூலில் தைக்கிறாங்க. டேபிள் ஆடினா, எதிரே இருக்கிறவர் முழங்கையை மாற்றி ஊன்றினாலே காட்சி முழுக்கத் துள்ளும். சர்ஜன் ஊசியை நிறுத்திட்டுக் காத்திருப்பார்.

ஸ்டீல் வேண்டவே வேண்டாம். எக்ஸ்ரே ஊடுருவாது. படம் பார்க்க ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கி வெளியே நீட்டணும். கே-ஒயர்ங்கிற மெல்லிய கம்பியில் பிடிச்சு வெச்ச எலும்பு அதுக்குள்ள நகர்ந்திடலாம். திருகு மூட்டுக்குள்ள போயிருக்கான்னு காட்டுறதே அந்தப் படம்தானே? கார்பன் ஃபைபர் விலை கூடத்தான், ஆனா எக்ஸ்ரே ஊடுருவும், அதையே கேளுங்க. பலகைக்கு அடியில் குறுக்கே உலோகச் சட்டம் ஓடுதான்னு குனிஞ்சு பாருங்க.

கால் இருந்தா ஆடாது, ஆனா முனையிலிருந்து சி-ஆர்ம் (ஆபரேஷன் நடுவே எக்ஸ்ரே படம் காட்டுற மெஷின்) வரும்போது இடிக்கும். கழற்றி மாட்டுற கால்தான் என் தேர்வு. பணம் கட்டுறதுக்கு முன்னாடி இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து முழங்கையை அழுத்தி ஊன்றிப் பாருங்க.

மயக்க மருத்துவர்:
சார், நோயாளியின் தோளையும் யோசியுங்கள். கை 90 டிகிரிக்கு மேல் விரியக் கூடாது. டேபிள் மெத்தை மட்டத்துக்குக் கீழே இருந்தால் தோள் பின்னால் தொங்கி கைக்குப் போகும் பிரேக்கியல் நரம்புப் பின்னல் இழுபடும். பிளாக் (நரம்பை மரக்கச் செய்யும் ஊசி) கொடுத்த கையில் வலி தெரியாது, நோயாளி சொல்லவும் மாட்டார். முழங்கை உள்பக்கம், சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு ஓடும் இடத்தில், ஜெல் பேட் அவசியம். மறுநாள் சுண்டுவிரல் மரத்திருந்தால், காரணம் ஆபரேஷனா, கை கிடந்த விதமா என்று பிரித்தறிவது கஷ்டம்.

ஆர்த்தோ டாக்டர்:
நன்றி சார், நன்றி சிஸ்டர். எங்கள் ஆபரேஷன் டேபிள் மெத்தை பருமனானது, ஹேண்ட் டேபிளுக்கு வருவது மெல்லியது. மட்டத்துக்கு என்ன செய்வது?

தியேட்டர் சிஸ்டர்:
ஆபரேஷன் டேபிளோட மாட்டுற கிளாம்ப்பிலேயே உயரம் ஏற்றி இறக்குற மாடல் இருக்கு டாக்டர். இல்லைன்னா அதே பருமனில் மெத்தை தைக்கச் சொல்லுங்க. ஷீட் மடிச்சு வெச்சு ஒப்பேற்ற வேண்டாம், பாதி ஆபரேஷனில் நனைஞ்சு அமுங்கிடும்.