தோப்புக்கும் ஆகணும், ஊர் சுற்றவும் ஆகணும்: எந்தப் பிக்கப், எந்தக் கேரவன்?

போச்சம்பள்ளிக்காரன்:
வணக்கம். மாங்காய் சீசனில் தோப்பிலிருந்து கூழ் பேக்டரிக்கு லோடு அடிக்க ஒரு பிக்கப் வாங்கப் போகிறேன். ஆடி தாண்டினால் வண்டி சும்மாதான் நிற்கும். அப்போது பின்னால் சின்னக் கேரவன் டிரெய்லரை மாட்டிக்கொண்டு மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மாவோடு ராமேஸ்வரம், கொல்லிமலை என்று கிளம்ப ஆசை. அம்மாவுக்கு முட்டி வலி, போகிற வழியில் கழிப்பறை தேடி அலைய முடியாது. கேரவன் யோசனையே அதனால்தான். டிரெய்லர் ஆயிரம் கிலோவைத் தாண்டும் என்கிறார் செய்து தருகிறவர். பொலேரோ கேம்பரா, வி-கிராஸா, ஹைலக்ஸா?

ஓசூர் வெல்டிங்:
காசு இருந்தால் ஹைலக்ஸ்தான். 2.8 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக்கில் 500 என்.எம். டார்க், அதாவது இழுக்கிற பலம். வி-கிராஸ் 1.9 லிட்டர், 360 என்.எம். சூளகிரி ஏற்றத்தில் வித்தியாசம் தெரியும்.

தொப்பூர் ஸ்டீயரிங்:
ஓசூர் தம்பி ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார். லாரி ஓட்டின காலம் முழுக்க நான் பயந்தது இறக்கத்துக்குத்தான். ராமேஸ்வரம் போகணும் என்றால் தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கணும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறி, முன்னால் போகிறவனை இடித்து நின்ற வண்டிகளை அங்கே நிறையப் பார்த்தாச்சு. டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இல்லையென்றால் அந்த ஆயிரம் கிலோவும் உங்கள் பிக்கப்பின் பிரேக் தலையில்தான் விழும். முன்வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் வந்து கொக்கியை அழுத்தும். அந்த அழுத்தத்திலேயே டிரெய்லரின் பிரேக் பிடிக்கிற மாதிரி செய்வார்கள், ஓவர்ரன் பிரேக் என்று பேர். எந்த பிக்கப் என்பதற்கு முன்னால் அது உண்டா என்று கேளுங்கள்.

அப்புறம், தண்ணீர் டேங்க், பேட்டரி எல்லாவற்றையும் பின்பக்கம் அடுக்கினால் கொக்கி லேசாகி, வேகம் பிடித்ததும் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிக்கும். அதன் எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கி மேல் உட்காரணும். ஆடினால் பதறி ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள், ஆக்சிலேட்டரை விட்டாலே அடங்கும்.

கொல்லிமலைக்கு டிரெய்லரோடு நினைக்கவே வேண்டாம், 70 கொண்டை ஊசி வளைவு. கேம்பர் மஞ்சள் போர்டு வண்டி, எப்.சி. (தகுதிச் சான்று) வேலை இருக்கும். டிரெய்லருக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசில் தனிப் பதிவு, தனி இன்சூரன்ஸ்.

என்னைக் கேட்டால் உங்கள் வீட்டுக்கு டிரெய்லரே பொருந்தாது. ஓடும்போது அதற்குள் யாரும் உட்காரக் கூடாது. அம்மா பிக்கப்பில்தான் வரணும். ஒவ்வொரு முறையும் ஓரம் கட்டி, அந்த உயரத்திலிருந்து இறக்கி, நடத்திக் கூட்டிப்போய், டிரெய்லரில் ஏற்றி, மறுபடி அதே பாடு. டெம்போ டிராவலர் பாடியில் படுக்கை, கழிப்பறை வைத்துக் கட்டின கேரவன் பெங்களூரில் வாடகைக்குக் கிடைக்கிறது. சீட்டிலிருந்து நாலு எட்டு வைத்தால் கழிப்பறை. தோப்புக்குச் சாதாரண பிக்கப் போதும்.

ஓசூர் வெல்டிங்:
அண்ணா சொல்வது சரி, ஆனால் வருஷத்தில் ஒரு மாசம் சுற்றுகிறவருக்கு வாடகை கையைக் கடிக்கும்.

தொப்பூர் ஸ்டீயரிங்:
ஒரு மாசம் தோப்பை யாருப்பா பார்ப்பது?

போச்சம்பள்ளிக்காரன்:
ஒரு வாரம் கிடைத்தாலே பெரிசுங்க! ஞாயிற்றுக்கிழமை சந்தை முடிந்ததும் அம்மாவைக் கூட்டிப்போய் ஷோரூமில் ஒரு பிக்கப்பில் ஏற்றிப் பார்க்கிறேன். வாடகைக் கேரவனில் டிரைவரையும் அவர்களே தருவார்களா, நாமே ஓட்டலாமா அண்ணா?