96 கிலோஹெர்ட்ஸுக்கு மாத்தினா 40 சேனல்ல 8 காணோம்: கேபிளா, கார்டா?

கூழ்மேடை_சவுண்ட்:
காசிமேட்டுல ஆடித் திருவிழா மேடை, கானா கச்சேரி. 32 இன்புட் ஸ்டேஜ் பாக்ஸ் (மேடைல மைக் வயர் சொருகுற பெட்டி) டான்டேல, அதாவது நெட்வொர்க் வயர்ல ஆடியோ அனுப்புற முறைல, மிக்ஸருக்கு வருது. டோலக், சட்டி, கோரஸுக்கு தனியா 8 சேனல் ப்ரீஆம்ப் (மைக் சிக்னலை ஏத்துற பெட்டி), அதுல இருந்து மிக்ஸருக்கு ஒரே ஒரு ஏடாட் (ஒளி வழியா பல சேனல் அனுப்புற முறை) ஆப்டிகல் வயர். இந்த 40-ஐயும் லேப்டாப்ல டான்டே விர்ச்சுவல் சவுண்ட்கார்டு சாஃப்ட்வேர் போட்டு தனித்தனி டிராக்கா எடுக்கணும். சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்குறதுங்கிறது) 48 கிலோஹெர்ட்ஸ்ல எல்லாம் வருது. 96 வெச்சா ஏடாட்ல 4 தான், லேப்டாப்ல 32-க்கு மேல காட்டவே மாட்டேங்குது. கேட்6 வயர் 60 மீட்டர். புதுசு இழுக்கணுமாண்ணே?

பெரம்பூர்_ராக்:
வேணாம்பா. இது ரெண்டு இடத்துல ரெண்டு வேற வேற முட்டுக்கட்டை.

ஏடாட்ல ஒரு ஃப்ரேமுக்கு 8 இடம், நொடிக்கு 48,000 ஃப்ரேம். அதுக்கு மேல வேகம் ஏறாது. 96-ல ஒரு சேனலுக்கே நொடிக்கு 96,000 சாம்பிள் வேணுமே, அதனால எஸ்மக்ஸ் முறைல அடுத்தடுத்த ரெண்டு சாம்பிளை ரெண்டு இடத்துல உக்கார வைக்கும். 8 போய் 4 ஆயிடும், 192-ல 2. ப்ரீஆம்ப்ல ரெண்டாவது ஆப்டிகல் அவுட்டும் மிக்ஸர்ல ரெண்டாவது ஆப்டிகல் இன்புட்டும் இருந்தா மீதி நாலு அதுல வரும். எஸ்மக்ஸ் ரெண்டு முனைலயும் ஆன்ல இருக்கணும். வாங்குற பக்கம் ஆஃப்ல கிடந்தா ஒரே மைக் பக்கத்து பக்கத்து ரெண்டு சேனல்ல வரும்.

லேப்டாப் விஷயம் வேற. ஒரு சேனல் 48,000 × 24 பிட், அதாவது 1.152 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்). 64 சேனல்னா 73.7. 96-ல 32 சேனலுக்கும் அதே 73.7 தான். ஜிகாபிட் வயருக்கு இது தூசு. விர்ச்சுவல் சவுண்ட்கார்டோட உச்சமே 48-ல 64×64, 96-ல 32×32, 192-ல 16×16. மேடிங்கிற (MADI) இன்னொரு டிஜிட்டல் ஆடியோ முறையும் இதே மாதிரி 64, 32, 16-னு இறங்கும்.

கொருக்குப்பேட்டை_பேட்ச்:
வயரை அப்படியே விட்டுடாதீங்க. ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும். கடலோர உப்புக்காத்துல ஆர்ஜே45 பின் பச்சை பூத்து நீலமோ பழுப்போ ஒரு ஜோடி விட்டுப்போனா, பல சமயம் லிங்க் சத்தமில்லாம 100 எம்பிபிஎஸ்க்கு இறங்கிடும். டான்டேல 4 சேனல் போற ஒரு ஃப்ளோ பாக்கெட் தலைப்போட சேத்து சுமார் 6 எம்பிபிஎஸ். 64 சேனலுக்கு 16 ஃப்ளோ, 96 எம்பிபிஎஸ் ஆச்சு. 100-ல மூச்சுத் திணறி டொக்கு டொக்குன்னு அறுக்கும். டான்டே கன்ட்ரோலர் (டான்டே பெட்டிகளை இணைச்சுப் பாக்குற சாஃப்ட்வேர்) உள்ள நெட்வொர்க் ஸ்டேட்டஸ் பக்கத்துல லிங்க் வேகம் 1 ஜிபிபிஎஸ்னு இருக்கான்னு பாத்துட்டு மேடை ஏறுங்க.

கூழ்மேடை_சவுண்ட்:
அப்போ 96-ஆல என்னதான் லாபம்?

பெரம்பூர்_ராக்:
தாமதம் குறையும். 64 சாம்பிள் பஃபர் (சேத்து வெச்சு அனுப்புற அளவு) 48-ல 1.33 மில்லிசெகண்ட், 96-ல 0.67. மிச்சமாகுறது ஒலி ஒரு சாண் தூரம் போற நேரம். மானிட்டர் பாக்ஸ் முன்னாடி பாட்டுக்காரர் ஒரு அடி பின்னால நின்னா போச்சு. 48-லயே 24 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவாகும், டோலக் மைக் அதுக்கு முன்னாடியே படுத்துடும். 48-லயே ஓட்டுங்க.

ஹார்ட் டிஸ்க்கையும் பாருங்க. 48-ல 40 சேனல், 24 பிட், மணிக்கு 20.7 ஜிபி. அத்தனையும் ஒரே வேவ் ஃபைலா எழுதினா 12 நிமிஷத்துல 4 ஜிபி தாண்டும், சாதா வேவ் அதோட நின்னுடும். சேனலுக்கு ஒரு மோனோ ஃபைல் வைங்க.

கொருக்குப்பேட்டை_பேட்ச்:
48-க்கு திரும்பும்போது டான்டே கன்ட்ரோலர்ல டிவைஸ் கான்ஃபிக் போய் ஸ்டேஜ் பாக்ஸ், மிக்ஸர் கார்டு, லேப்டாப் மூணையும் மாத்தணும். ஒண்ணு 96-ல தங்கிட்டாலும் அந்த சப்ஸ்கிரிப்ஷன் (அனுப்புற சேனலுக்கும் வாங்குற சேனலுக்கும் நடுவுல உள்ள இணைப்பு) ஒட்டாது, டான்டே தானா ரேட் மாத்தித் தராது. ப்ரீஆம்ப்பையும் 48-ல வெச்சு, கிளாக்கை (சாம்பிள் எடுக்குற தாளத்தை) வேர்ட் கிளாக் வயர்ல மிக்ஸர்ல இருந்து எடுங்க. ப்ரீஆம்ப்போட சொந்த (இன்டர்னல்) கிளாக்ல விட்டா அந்த 8 சேனல்ல மட்டும் விட்டு விட்டு டிக் டிக்னு கேக்கும்.