எரிந்த காட்டைப் படமெடுத்தால் கரி சாம்பல் நிறத்தில் வருகிறது, என்ன செய்வது?

கேள்வி (மார்ச் 2020)
வணக்கம் நண்பர்களே. சிட்னிக்கு மேற்கே புளூ மவுண்டன்ஸில், பில்பின் பக்கம் சாலையோரமாக நின்று படமெடுக்கிறேன். கோஸ்பர்ஸ் மவுண்டன் காட்டுத்தீ 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் தின்றுவிட்டுப் போன காடு. பிப்ரவரி மழைக்குப் பிறகு யூக்கலிப்டஸ் மரங்களில் அடி முதல் நுனி வரை தளிர். நேரில் கன்னங்கரேல் மரத்தில் பச்சை பளிச்சென்று தெரிகிறது. படத்திலோ மரம் வெளுத்த சாம்பல், தளிர் சோகை பிடித்த மாதிரி. கொஞ்சம் திரும்பி எடுத்தால் எல்லாமே இருட்டு. அப்பர்ச்சர் மோடு (லென்ஸ் துளையை நான் வைக்க, ஷட்டர் வேகத்தை கேமராவே பார்த்துக்கொள்ளும்), ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலையையும் கேமராவே முடிவு செய்யும்), ஜேபெக் ஃபைல். கேமராவில் கோளாறா?

பதில் 1
கோளாறு இல்லை. எதிரில் இருப்பது கரி என்று கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்குத் தெரியாது. எதையும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். ஃபிரேம் நிறையக் கரிமரம் என்றால் வெளிச்சத்தைக் கூட்டும். இலைகள் போய்விட்டதால் கேமராவைச் சற்று நிமிர்த்தினாலே வெள்ளை வானம் உள்ளே வந்துவிடும், உடனே குறைக்கும். கரி நிறைந்த ஃபிரேமுக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் சொல்லும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 1-இல் வைத்துப் பாருங்கள். ஹிஸ்டோகிராம் (இருட்டு இடப்பக்கம், வெளிச்சம் வலப்பக்கம் என்று காட்டும் வரைபடம்) இடப்பக்கம் குவியும், குவியட்டும். வானத்தை மொத்தமாக ஒதுக்க, எதிர்ச்சரிவைத் தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் எடுப்பதுதான் வழி.

பதில் 2
ஆட்டோ ஒயிட் பேலன்ஸை விடுங்கள். கருகிய இலைகளின் செம்பழுப்பைப் பார்த்து அது நீலத்தைக் கூட்டிவிடும். ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் (பகல் வெளிச்சத்துக்கான அமைப்பு) வைத்து, ரா-வில் (பிறகு நிறம் திருத்த வசதியான, பதப்படுத்தாத ஃபைல்) எடுங்கள். மழை நின்றதும் போனால் லென்ஸ் முன் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும், சுழற்றக்கூடிய ஃபில்டர்) போடலாம். இலைப் பளபளப்பு அடங்கி நிறம் ஏறும். ஆனால் முழுதாகத் திருப்பாதீர்கள். கரியின் மினுமினுப்பும் போய், மரம் தட்டையாகிவிடும்.

பதில் 3
மூடிய பாதைகளுக்குள் போகாதீங்க. காற்றடித்தால் எரிந்த கிளை சத்தமில்லாமல் விழும். வேர் மண்ணுக்குள்ளேயே எரிந்திருந்தால் கால் வைத்த இடம் உள்வாங்கும். லென்ஸை காருக்குள் மாற்றுங்கள். கரித்தூளைத் துணியால் தேய்க்காமல் முதலில் ஊதுங்கள்.

கேட்டவர்
மைனஸ் 1-இல் கரி கரியாகவே வந்தது, நன்றி. டேலைட்டில் பச்சையும் தேறிவிட்டது. ஒரு சந்தேகம்: ட்ரைபாடில் வைத்து 1/15 நொடியில் எடுத்தும் தளிர் மட்டும் மங்கலாக வருகிறதே?

பதில் 1
மரம் நிற்கும், தளிர் ஆடும். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்வு அளவு) 800-க்கு ஏற்றி, ஷட்டர் வேகத்தை 1/125 நொடிக்குக் கொண்டு வாங்க. இருட்டான இடங்களில் கொஞ்சம் நாய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்) வரும். கரிப்பட்டையில் அது உறுத்தாது.