ஓலையில சிவப்பு நிக்குதில்லை, சாயம் தெரிஞ்சவை சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. திருகோணமலையில பனையோலைப் பின்னல் செய்யிறன். கடகம், மூடல்பெட்டி, சுளகு எல்லாம் பின்னுவன். நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களுக்குப் பொருள் எடுக்கிற ஒருவர் என்ர சாம்பிளைத் திருப்பி அனுப்பிட்டார். நிறம் மங்கலாம், ஒண்டு மாதிரி மற்றது இல்லையாம். கடைச்சாயத்தில பளிச்செண்டு செய்து தந்தா எடுப்பாராம். ஏலாதெண்டு சொல்லிட்டன். பலகாரம் வைக்கிற பெட்டிக்கு, என்ன கலந்ததெண்டு தெரியாத சாயத்தை நான் போடமாட்டன். (கையால பின்னினது ஒண்டு மாதிரி மற்றது இருக்குமே?)

கறுப்புப் பிரச்சினையில்லை. கடுக்காய்த் தண்ணியில அவிச்சு, துருப்பிடிச்ச ஆணி ஊறின தண்ணியில போட்டா நல்லாப் பிடிக்கும். மஞ்சள் வெயிலில போயிடும், அது தெரிஞ்சதுதான். சிக்கல் சிவப்பில. பதங்கக் கட்டையை அவிச்சு, படிகாரம் போட்டு ஏத்துறன். முதல்ல அருமையான நிறம். பிறகு யன்னலடியில வச்சா வெளிறுது, தேசிக்காய்ப்புளி பட்டா மஞ்சளிக்குது.

படிகாரத்துக்கு முதல் ஓலையைக் கடுக்காயில ஊறவிட்டா சிவப்பு நிக்குமா, இல்லை கருத்துப்போகுமா? மஞ்சிட்டி வேர் ஓலையில பிடிக்குமா? ஒல்லாந்தர் காலத்தில மன்னார், யாழ்ப்பாணப் பக்கம் கிண்டின சாயவேரும் சிவப்புக்குத்தான். அந்தச் செடி உங்கட பக்கத்து மணலில இப்பவும் நிண்டா ஒரு படம் போடுங்கோ.

மாரி தொடங்கினா ஓலை காயாது, பூஞ்சணம் பிடிச்சிடும். அதால கொஞ்சம் கெதியாச் சொல்லுங்கோ.