மின்சாரம் இருந்தும் மிசாபி ரயில்வே நீராவியை வாங்கியது சரியா?

மின்பாதை:
ஸ்வீடனில் கிருணா சுரங்கத்தின் தாதுப் பாதை 1915லேயே மின்சாரத்துக்கு மாறியது, 1923ல் நார்வேயின் நார்விக் துறைமுகம் வரைக்கும் கம்பி போய்விட்டது. அதே இரும்புத்தாதுவை இழுக்க அமெரிக்காவின் மினசோட்டாவில் மிசாபி ரயில்வே 1941ல் பால்ட்வின் ஆலையில் எலோஸ்டோன் வகை நீராவி எஞ்சின்கள் எட்டை வாங்குகிறது! உரிமையாளர் யு.எஸ். ஸ்டீல் என்ற பெரிய உருக்கு நிறுவனம், எனவே பணமில்லை என்று சொல்லவே முடியாது. பழக்கத்தை விட மனமில்லாமல் எடுத்த முடிவு இது.

கரிப்புகை:
இல்லை நண்பரே, இரண்டு ஊரையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். ஸ்வீடனுக்கு நிலக்கரியைக் கடல் கடந்து வாங்க வேண்டும், ஆனால் அந்நாட்டின் போர்ஜுஸில் ஆற்று நீர் இருந்தது, மின்நிலையம் கட்டினார்கள். மினசோட்டாவில் தாது ஏற்றிப்போன கப்பல்களே திரும்பும்போது கரி கொண்டு வந்தன. அப்புறம், நார்விக் உறையாத துறைமுகம். மிசாபி தாது கப்பலேறும் சுப்பீரியர் ஏரி குளிர்காலத்தில் உறைந்து கப்பல் நின்றுவிடும், அத்தனை மாதமும் சும்மா கிடக்கப்போகிற மின்கம்பிக்கு யார் முதல் போடுவார்கள்?

மின்பாதை:
எஞ்சினும் அப்போது சும்மாதானே நிற்கும்?

கரிப்புகை:
நிற்கவில்லை. போர்க்காலக் குளிரில் அவற்றில் சிலவற்றைக் கொலராடோ மலைப்பாதையில் ஓட்ட ரியோ கிராண்டே ரயில்வேக்கு வாடகைக்கு அனுப்பினார்கள். மின் எஞ்சினை அனுப்பினால் அங்கே கம்பி இருந்திருக்காது.

தண்டவாளம்:
எலோஸ்டோனின் இழுவிசையையும் பாருங்கள்: 1,40,000 பவுண்டு. யூனியன் பசிபிக் ரயில்வேயின் புகழ்பெற்ற நீராவி எஞ்சின் பிக் பாய்க்கே 1,35,375தான். ஒரே எஞ்சின் 190 வேகன் வரை இழுத்தது, கையால் கரி அள்ளிப் போட்டுக் கட்டாது என்பதால் இயந்திர ஸ்டோக்கர்தான் தீயை ஊட்டியது.

மின்பாதை:
பலத்தை நான் குறை சொல்லவே இல்லை சார். 1943ல் இன்னும் பத்து வாங்கியதையும் ஒத்துக்கொள்கிறேன், போரில் தாது அவசரம், டீசல் எஞ்சின் உற்பத்தியிலும் அரசுக் கட்டுப்பாடு. ஆனால் முதல் எட்டும் வந்தது அமெரிக்கா போரில் இறங்கும் முன்பே. எஃப்டி என்ற சரக்கு டீசல் எஞ்சின் 1939லிருந்தே பல ரயில்வேக்களில் ஓடிக் காட்டியதே, மின்கம்பி வேண்டாம் என்றால் அதையாவது வாங்கியிருக்கலாமே?

கரிப்புகை:
காட்டியது சரி. சாண்டா ஃபே ரயில்வே அதை அன்றாட சரக்கு வேலையில் இறக்கியதே 1941 தொடக்கத்தில்தான். ஏரி உறைவதற்குள் நாட்டின் உருக்கு ஆலைகளுக்கு வேண்டிய தாதுவில் பெரும்பங்கை இறக்கியாக வேண்டிய பாதை அது. ஏரி உறையாதிருக்கும் சுமார் எட்டு மாதத்தில் புது எஞ்சினை வைத்துப் பழக நேரம் இருக்கவில்லை, அதனால் நானாக இருந்தாலும் எலோஸ்டோனைத்தான் வாங்கியிருப்பேன்.

மின்பாதை:
நான் இரண்டு எஃப்டியாவது வாங்கி, நீராவியோடு சேர்த்து ஓட்டிப் பார்த்திருப்பேன். அதைக்கூடச் செய்யாததுதான் எனக்கு உறுத்துகிறது.