பொருள்: தீட்டும்போது வருவதும் பிசிறுதானா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கைக்கருவிப் பராமரிப்புச் சொற்பட்டியலில் 'பர்' (burr: உலோகத்தை வெட்டும்போதோ தேய்க்கும்போதோ ஓரத்தில் எழும் மெல்லிய நீட்சி) என்பதற்குப் 'பிசிறு' என்று எழுதி மூடிவிட்டோம். எனக்கு அதில் மனக்குறை. துளை போட்ட தகட்டின் ஓரத்தில் நிற்பது பிசிறு, சரி. அது கழிவு; அரத்தால் நாலு இழுப்பு, போய்விடும். கத்தி தீட்டும்போது வருவது வேறு சங்கதி. அதை வரவழைக்கத்தான் தீட்டுகிறோம்.

பண்டாரவளைப் பக்கத்து லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) ஒன்றில் கிடந்த பழைய கவ்வாத்துக் கத்தி, அதாவது தேயிலைச் செடியைக் கழித்துவிடும் வளைந்த கத்தி, போன வாரம் என் கைக்கு வந்தது. ராத்திரி முழுக்க வினாகிரியில் ஊறப்போட்டுத் துருவைக் கழற்றி, கல்லில் ஒரு பக்கம் மட்டும் தேய்த்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மறுபக்கம், முதுகிலிருந்து வாய்ப் பக்கமாகப் பெருவிரலை வழித்தபோது ஒரு சொரசொரப்பு. கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. பிடியருகில் இருந்தது, நடுவில் இருந்தது, வளைவில் மட்டும் இல்லை. தட்டைக் கல் உள்வளைவில் உட்காராதே! பிரம்புத் துண்டில் சேண்ட்பேப்பர் சுற்றித் தேய்த்த பிறகுதான் அங்கேயும் வந்தது. ஓரம் முழுக்க அது வந்தால்தான் கத்தியைத் திருப்பிப் போடலாம்.

'கம்பி விளிம்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஆங்கிலத்துக்குத் தமிழ் வேட்டி கட்டியதுபோல் இருக்கிறது. 'இதழ்' அழகுதான், ஆனால் சஞ்சிகை ஞாபகம் வருகிறது.

நான் சொல்வது 'மீசை'. கத்தியின் கூரான ஓரத்தை வாய் என்றுதான் சொல்கிறோம். வாய் மழுங்கிப்போச்சு என்கிறோம். வாய் இருக்கிற இடத்தில் மீசை முளைப்பதில் என்ன ஆச்சரியம்? சோளத்துக்கு இல்லாத மீசையா? பட்டறையில் பேசிப் பார்த்தால் தெரியும்: "மீசை வந்துருச்சா?" "வளைவுல இன்னும் வரல." இதையே 'விளிம்புப் பிசிறு உருவாகிவிட்டதா' என்று கேட்டு முடிப்பதற்குள் கத்தி மறுபடி மழுங்கிவிடும்.

விளையாட்டுச் சொல், பாடநூலில் நிற்காது என்பீர்கள். பரேட் என்பதைப் பிரட்டு (தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) ஆக்கியவர்களும், போர்த்துக்கேயரின் சொல்லை அலவாங்கு (கடப்பாரை) ஆக்கியவர்களும் யாரையும் கேட்கவில்லை. இரண்டும் நிற்கிறது.

வினையும் சுலபமாக வருகிறது: மீசை எடுத்தல். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கம் மாற்றி மாற்றி இழுத்து, கடைசியில் தோல்வாரில் வழிப்பது. தோய்ச்சல் பதம் (காய்ச்சித் தோய்த்து ஏற்றும் கடினம்) குறைந்த கத்திக்கு மீசை தடிப்பாக வரும், லேசில் உதிராது. எடுத்தாயிற்றா என்று பார்க்க வாயில் பஞ்சை மெல்ல இழுத்துப் பாருங்கள். மிச்சமிருந்தால் பஞ்சு மாட்டும். எடுக்காமல் விட்டால் முதல் கிளையிலேயே மீசை மடிந்து வாயையும் கெடுத்துவிடும். கவ்வாத்துக்கு இது சின்ன விஷயமில்லை. வெட்டு சாய்வாக, வழுவழுப்பாக விழ வேண்டும். பட்டை கிழிந்தால் அதில் தண்ணீர் தங்கும், மரம் உளுத்துப்போகும். மேட்டுத் தோட்டங்களில் கவ்வாத்து சில வருடங்களுக்கு ஒருமுறைதான். அதுவரை அந்தக் காயத்தை செடி சுமக்கும்.

ஒன்றை மட்டும் நீங்கள் தீர்க்க வேண்டும். மரம் அறுக்கும் வாளுக்கு அரம் போடும்போது பல்லோரத்தில் வருவதை என்ன சொல்வது? அது பிசிறாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி. பல்லில் மீசை முளைக்குமா?