லாஸ் வேகாஸ் பிளாக்ஜாக் மேசையில் டிப்ஸ் எப்படிக் கொடுப்பது?

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். தீபாவளி முடிந்ததும் தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்திலிருந்து மாமாவோடு லாஸ் வேகாஸ் போகிறோம். மாமாவுக்கு பிளாக்ஜாக் சீட்டாட்டம் என்றால் உயிர்.

அங்கே சீட்டுப் போடும் டீலர்களுக்குச் சம்பளம் குறைவு, டிப்ஸை நம்பித்தான் பிழைப்பு. கொடுக்காமல் எழுந்து வர மனசு வராது. கையில் நீட்டக்கூடாது, சிப்பை (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லையை) மேசையில் வைக்க வேண்டும் என்பது தெரியும். நம் பந்தய வட்டத்துக்கு முன்னால் தனியாக ஒரு சிப் வைத்தால் அது டீலருக்காகக் கட்டும் பந்தயம்; தோற்றால் அவருக்கு ஒன்றுமில்லை. அதனால் நேராகக் கொடுப்பதே நியாயமாகப் படுகிறது.

போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: ஒரு மணி நேரம் ஆடினால் 5 டாலர் சிவப்பு சிப் ஒன்று போதுமா? ரேண்டில் அதுவே பெரிய காசு. தோற்றாலும் கொடுக்கத்தான் வேண்டுமா? அப்புறம், பல கேசினோக்களில் டிப்ஸை மொத்தமாகச் சேர்த்துப் பங்கிடுகிறார்களே, டீலர் மாறும்போதெல்லாம் தனித்தனியாகக் கொடுக்க வேண்டுமா?